ஏழாவது கட்டம்



போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மன்னார்குடிப் பக்கம் போயிருந்தேன். காலைப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மையார், நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், "நான் ஸ்கூல்ல லைப்ரேரியன் சார். பத்து மணிக்கு ஏழாம் வகுப்பு வரும், நேரமிருந்தா வந்து பாருங்க" என்றார். எனக்குப் பேருந்து இரண்டு மணிக்கு. போனேன்.

பள்ளி நூலகம் என்றால் நம்மில் பலருக்கும் நினைவில் இருப்பது தலைமையாசிரியர் அறையின் மூலையில் பூட்டிக் கிடந்த ஒரு கண்ணாடி அலமாரிதான். புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். ராமபாணப் பூச்சி தின்றால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் சாவி பத்திரமாக இருக்கும். நூலக பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். நூலகர் என்று தனியாக ஒருவர் இருக்கும் பள்ளி இன்றைக்கும் அபூர்வம்தான்.

இந்த அம்மையாரிடம் ஒரு கணினி, பள்ளி கொடுத்த இரண்டு டேப்லெட், அவ்வப்போது வந்து போகும் இணையம். நான்கு வருடமாக இவற்றை வைத்து என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். கைவிட்டவற்றைத்தான் முதலில் சொன்னார். அதனாலேயே அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதலில் நூலக மென்பொருள் ஒன்றை நிறுவினாராம். மின்சாரம் போய் வந்த ஒரு நாளில் பாதிப் பதிவுகள் காணாமல் போயின. அடுத்து, கதை படித்துவிட்டு வந்து விடை அழுத்தும் வினாடிவினா செயலி. ஓட்டத்தில் முந்துவது போல, யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்களுக்கு மதிப்பெண். "கதையைப் படிச்சவ யோசிச்சா சார், படிக்காதவன் அழுத்திட்டான்" என்றார். இரண்டு வாரத்தில் அதை மூடிவிட்டார். பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் கைபேசி எண்ணும் கேட்ட இன்னொரு செயலியை நிறுவாமலே விட்டாராம்.

பிறகு அவர் போய்ச் சேர்ந்தது சாதாரண விரிதாளிடம். பழைய புத்தகப் பட்டியலை யாரோ முன்பே கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். ஆனால் பழைய எழுத்துருவில். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்திருக்கிறார். எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பொருள், அலமாரி என்று ஆறு கட்டம். ஏழாவதாக ஒன்று சேர்த்தார்: 'யாருக்குப் பிடிக்கும்?'

அந்தக் கட்டத்தை நிரப்புவது பிள்ளைகள். படித்துத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு வரி. எனக்குக் காட்டினார். 'அண்ணனோடு சண்டை போட்டவர்களுக்கு.' 'பாம்பைப் பார்க்க ஆசை, ஆனால் பயம் என்பவர்களுக்கு.' 'அழுகை வரும், வீட்டில் படிக்கவும்.' நாங்கள் அச்சிடும் மதிப்புரைகளில் பாதி இந்த அளவுக்குப் பயன்படுமா என்று ஒரு கணம் நினைத்தேன். நான் இருந்தபோதே ஒரு பையன் வந்து 'புறா' என்று தேடினான். நாலாவது அலமாரியில் ஒரு புத்தகம் இருப்பதாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் இல்லை. காவலாளி ஐயா படிக்க எடுத்துப் போயிருக்கிறாராம். அவரும் புறா வளர்ப்பவர்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் எங்கோ காத்திருக்கிறார் என்பதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாகவே எழுதி வைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். (நூலக பீரியடைப் பறிக்கும் கணக்கு வாத்தியார்களுக்கு இது பிராயச்சித்தம்.) அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தது 1931இல். அதே ஆண்டில்தான் இந்த மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் நூலகமும் புறப்பட்டது. அதைச் சொன்னபோது அம்மையார் சிரித்தார். "மாட்டுவண்டியும் அன்னைக்கு டெக்னாலஜிதானே சார்?"

இன்னும் இரண்டு சங்கதிகளைச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் 2018 முதல் க்யூஆர் கோடு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1994இல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்த கட்டம் அது. இங்கே கதைப் புத்தகங்களின் பின்னட்டையில் அம்மையார் அதை ஒட்டியிருக்கிறார். வருடினால், அந்தக் கதையை ஒரு பிள்ளை வாசிக்கும் குரல் கேட்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள், அந்தக் குரலோடு விரலை ஓட்டிப் படிக்கிறார்கள். வீட்டில் கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும் என்பதால், பள்ளி டேப்லெட்டிலேயே மதிய இடைவேளையில் கேட்க ஏற்பாடு.

இரண்டாவது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருந்து அவர் எடுத்துக் காட்டிய ஒரு பழைய புத்தகம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி திரையைத் தொட்டு, "டீச்சர், இந்த எழுத்துக்கு யானைத் தும்பிக்கை இருக்கு!" என்றாள். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை 'லை', 'னை' எல்லாம் அப்படித்தான் அச்சாகின. அன்றைய வகுப்பு தும்பிக்கையிலேயே ஓடிவிட்டது. பிள்ளைகள் தங்கள் பெயரைப் பழைய எழுத்தில் எழுதிப் பார்த்தார்கள். பெயரில் ஐகாரம் இல்லாதவர்களுக்கு வருத்தம்.

செயற்கை நுண்ணறிவையும் விட்டுவைக்கவில்லை. புறாவைப் பற்றிச் சிறுவர் நூல் சொல் என்று கேட்டதற்கு, ஆசிரியர் பெயர், பதிப்பகம் எல்லாம் சேர்த்து மூன்று புத்தகங்களைச் சொன்னதாம். பிள்ளைகள் இணையத்திலும் பதிப்பகங்களின் பட்டியலிலும் தேடினார்கள். இரண்டு எங்குமே இல்லை. "இல்லாத புத்தகத்தைத் தேடினதுல எப்படித் தேடணும்னு கத்துக்கிட்டாங்க" என்றார்.

கிளம்பும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்க பத்திரிகையோட பழைய சிறுவர் பக்கங்களைத் தேடிப் பார்க்கிற மாதிரி எங்கயாவது வெச்சிருக்கீங்களா சார்?" வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அலுவலகம் திரும்பி, பழைய இதழ்கள் உள்ள குறுந்தகடுகளைப் போட்டுப் பார்த்தோம். சில திறக்கவே இல்லை. திறந்தவற்றில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கங்களை மட்டுமாவது யூனிகோடில் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறோம். வீட்டுப் பரணில் பழைய இதழ்கள் கிடந்தால், எந்த மாதம், எந்த ஆண்டு என்று ஒரு அஞ்சலட்டை போடுங்கள். வாரம் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து தர நேரம் இருப்பவர்களும் எழுதலாம். முடித்த ஒவ்வொரு கதைக்கும் கீழே, அது யாருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். முதல் கட்டை மன்னார்குடிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்