எளிய யந்திரங்களைக் குழந்தைகள் கையால் செய்து கற்க வேண்டும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு என்னும் 6 எளிய யந்திரங்களையும் படத்தில் பார்த்துப் பெயரெழுதிப் பரீட்சையில் தேறுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு குழந்தையும் அவற்றைத் தன் கையால் அமைத்து, இயக்கி, பிழைபட்டால் பிரித்து மீண்டும் அமைத்துக் கற்க வேண்டும் என்பதும், அதற்கென வாரந்தோறும் 2 பாடவேளைகள் கால அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் எங்கள் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு.

இந்த யந்திரங்களில் அடங்கிய தத்துவம் முதலில் கைக்கே புலப்படுகிறது. 30 சென்டிமீட்டர் அளவுகோலின் நடுப்பகுதியை ஒரு பென்சிலின் மேல் தாங்கவைத்து, ஒருபுறம் 10 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு நாணயத்தையும், மறுபுறம் 5 சென்டிமீட்டர் தூரத்தில் அதே வகை நாணயங்கள் இரண்டையும் வைத்துச் சமன்படுத்தும் குழந்தை, ஆர்க்கிமிடீஸ் நிறுவிய நெம்புகோல் விதியைத் தன் சொந்த அனுபவமாகப் பெற்றுவிடுகிறது. அசையும் கப்பி ஒன்றினால் சுமையை 1 மீட்டர் உயர்த்துவதற்கு 2 மீட்டர் கயிற்றை இழுக்க நேரும்போது, பலத்தில் பெற்ற லாபத்தைத் தூரத்தில் ஈடுசெய்தே தீரவேண்டும் என்னும் இயற்கை நியதி குழந்தைக்குப் பிரத்தியட்சமாகிறது. சுமையில் பாதியளவு பலமே போதும் என்று புத்தகம் கூற, சுருள்வில் தராசு அதற்கு மேலாகவே காட்டுகையில், அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று வினவி, உராய்வையும் கப்பியின் எடையையும் கண்டறிந்து, அச்சுக்கு எண்ணெயிட்டு மறுபடி அளந்து பார்க்கும் அந்தச் சிரத்தையே பொறியியலின் ஆரம்பம் என்று நாங்கள் கருதுகிறோம்.

கையால் செய்து கற்பது என்னும் இக்கருத்து நம் தேசத்துக்குப் புதியதன்று. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுநாயகமாகக் கொண்ட கல்வியை முன்வைத்தார். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளைச் சோதனைகளின் வாயிலாகவே கற்கச் செய்ததோடு, புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் ஏற்று, பரீட்சை முறையையே அதற்கிசைய மாற்றியது.

பொருட்செலவு மிகும் என்போருக்கு, காலியான நூற்கண்டு, சைக்கிள் வால்வு டியூப், மரப்பலகை, கயிறு ஆகியவையே இப்பயிற்சிக்குப் பெரும்பாலும் போதுமானவை என்றும், விலையுயர்ந்த ஆயத்தப் பெட்டிகள் அவசியமில்லை என்றும் விடையளிக்கிறோம். பாடத்திட்டம் முடியாமற் போகும் என்னும் உபாத்தியாயர்களின் அச்சம் நியாயமானதே. ஆதலின், மனப்பாடத்துக்குரிய பகுதிகளைக் குறைத்து அந்த நேரத்தை அவர்களுக்குத் தர வேண்டியது கல்வித்துறையின் பொறுப்பு.

ஆகவே, செய்முறைக்கும் அதை விளக்கும் திறனுக்கும் மதிப்பெண் வழங்குமாறும், 40 பிள்ளைகள் சுற்றிநிற்க ஆசிரியர் ஒருவரே செய்துகாட்டும் வழக்கத்தை விடுத்து நான்கு பேருக்கு ஒரு தொகுதி உபகரணம் கிடைக்கச் செய்யுமாறும், சுத்தியலும் திருப்புளியும் பெண்குழந்தைகளின் கைக்கும் சமமாகச் சேருமாறு பார்த்துக்கொள்ளுமாறும் அரசையும் பள்ளி நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம். கண்காட்சிக்கான மாதிரிகளைத் தாங்களே செய்து கொடுத்தனுப்பும் பெற்றோர், கோணலானாலும் பிள்ளை செய்ததையே அனுப்ப வேண்டுமென்பது எங்கள் வேண்டுகோள். அந்தக் கோணலைத் தானே கண்டு திருத்தும் உரிமை குழந்தைக்கு உண்டு.