செம்பட்டை என்று சிரிக்கலாமா?

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்கு ஐயம் எழுந்ததும், இல்லை என்று நக்கீரர் சாதித்ததும், நெற்றிக்கண்ணைத் திறந்து காட்டியபோதும் அவர் பின்வாங்காததும் நாம் எல்லோரும் அறிந்த கதையே. அன்று மதுரைச் சங்கத்தில் நடந்த வாதம் இன்று நம் வகுப்பறைத் தாழ்வாரத்தில் வேறு வடிவில் நடக்கிறது. இங்கே பேச்சு மணத்தைப் பற்றியதன்று, நிறத்தைப் பற்றியது. காட்டூரிலிருந்தும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் வரும் மாணவியர் சிலருக்குச் "செம்பட்டை" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிடுகிறவர்களுக்கு அது விளையாட்டு. கூப்பிடப்படுகிறவளுக்கோ பள்ளிக்கூடம் வரவே மனம் இருப்பதில்லை. சென்ற ஆண்டு அப்படி ஒருத்தி இரண்டு வாரம் வராமலே இருந்தாள். காய்ச்சல் என்று கடிதம் வந்தது. காரணம் காய்ச்சல் அன்று என்பது அவள் பக்கத்து இருக்கைக்காரியான எனக்குத் தெரியும்.

தோழியரே, சிரிப்பதற்கு முன்னால் முடி என்பது என்ன என்று சற்றுப் பார்ப்போமா?

நம் கண்ணுக்குத் தெரியும் முடி உயிரற்றது. உயிர் உள்ள பகுதி தலைத்தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்காலின் அடியிலே இருக்கிறது. அங்கே சிறு குமிழ் ஒன்று உண்டு. இரத்த நாளங்கள் அதற்கு உணவு கொண்டுவருகின்றன. அங்குள்ள உயிரணுக்கள் பெருகிப் பெருகி மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, கெட்டியாகி, இறந்து, இழையாக வெளிவருகின்றன. வெட்டும்போது நமக்கு வலிக்காததன் காரணம் இதுதான். முடியின் வெளிப்புறத்தில் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே இருக்கும் புறணியில்தான் மெலனின் என்னும் நிறமி இருக்கிறது. நம் கூந்தல் கறுப்பாக இருப்பது அதனால்தான்.

கெரட்டினில் கந்தகம் உண்டு. முடி கருகினால் வரும் நாற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்துக்கொள்ளும் பிணைப்பே முடிக்கு உறுதி தருகிறது. அதைத் தவிர வலுக்குறைந்த வேறு பிணைப்புகளும் உள்ளன. அவை தண்ணீர் பட்டாலே விட்டுப்போகும். ஈர முடி ரப்பரைப் போல நீள்வதும், எளிதில் அறுவதும் அதனால்தான். காற்றின் ஈரத்துக்கேற்ப முடி நீண்டு சுருங்குவதைக் கண்டு, சொசூர் என்ற ஸ்விட்சர்லாந்து அறிஞர் 1783-ல் மனித முடியைக் கொண்டே ஈரப்பதம் அளக்கும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறார். ஏரிக்காற்று வீசும் நாளில் நம் பின்னல் சிலிர்த்துக்கொண்டு நிற்பதற்கு நாம் சோம்பேறிகளாக இருப்பது காரணமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் நான் எழுத வந்தது செம்பட்டையைப் பற்றி. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் மெலனினைச் சிதைக்கின்றன. உப்புநீர் பட்டுப்பட்டுச் செதில்கள் சொரசொரப்பாகிவிட்டால் அந்தச் சேதம் இன்னும் கூடும். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? காலையிலிருந்து அவர்கள் தலைமேல் வெயில், கீழே உப்புத் தண்ணீர். விடுமுறையில் தாயுடன் இறங்கும் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். அவர்களுடைய முடியின் நிறம் அவர்கள் செய்யும் உழைப்பின் நிறம். ஊரார் சாப்பிடும் இறாலை ரசிக்கிறோம். பிடித்தவளின் தலையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்! இது எந்த ஊர் நியாயம்?

செம்பட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சிரிப்புக்குரியதே அன்று. உணவில் புரதம் மிகவும் குறைந்துபோகும் குழந்தைகளுக்கு முடி மெலிந்து, வெளிறி, செம்மை தட்டிவிடுகிறது. நல்ல உணவு கிடைத்த காலத்தில் வளர்ந்த பகுதி கறுப்பாகவும், பட்டினிக் காலத்தில் வளர்ந்த பகுதி வெளுப்பாகவும் பட்டை பட்டையாகத் தெரிவதுண்டு. மருத்துவர்கள் இதைக் கொடி அடையாளம் என்கிறார்கள். முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் பின்னலின் நுனி நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது முளைத்தது. அந்த ஐந்தாண்டில் நாம் உண்டதும் உண்ணாததும் அதில் எழுதப்பட்டிருக்கும். மீன் நல்ல புரதம். அது நம் ஊரில் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் நண்டும் இறாலும் பெரிய மீனும் விலைக்குப் போய்விடுகின்றன. பிடித்தவர் வீட்டில் பல நாள் ரசச் சோறுதான். எனவே ஒருத்தியின் தலை வெளுத்திருந்தால் ஆசிரியை கேட்க வேண்டிய முதல் கேள்வி "எண்ணெய் வைத்தாயா?" என்பதன்று, "காலையில் சாப்பிட்டாயா?" என்பதே.

எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் மும்பை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். (அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் வைப்போம்!) ஆனால் விளம்பரத்தில் முழங்கால் வரை கூந்தலோடு நிற்கும் பெண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது. ஒரு முடி எத்தனை ஆண்டு வளரும் என்பது பெரும்பாலும் பரம்பரையைப் பொறுத்தது. இரண்டு முதல் ஏழு ஆண்டுகள் வளர்ந்து, பிறகு சில வாரத்தில் ஓய்ந்து, மூன்று மாதம் போல் சும்மா இருந்து உதிர்ந்துவிடும். நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பே. சீப்பில் பத்து முடி கண்டதும் அழத் தேவையில்லை. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுப்பது பக்தி, அது வேறு. கத்தி படுவது தோலுக்கு மேலே, முடி உருவாவதோ தோலுக்குக் கீழே. 1928-லேயே டிராட்டர் என்ற பெண் விஞ்ஞானி சோதித்துப் பார்த்து, சிரைப்பதால் வளர்ச்சி கூடுவதில்லை என்று எழுதிவிட்டார்.

இனி பேன். இதை எழுத வெட்கப்பட்டால் யார்தான் எழுதுவது? பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து செல்லும், அவ்வளவே. அழுக்குத் தலையா, சுத்தமான தலையா என்று அது பார்ப்பதில்லை. டாக்டர் வீட்டுப் பெண்ணின் தலையிலும் ஏறும். ஆகவே பேன் உள்ளவளைத் தனி பெஞ்சில் உட்கார வைப்பது அவளை அவமானப்படுத்துமே தவிரப் பேனை ஒழிக்காது. ஈர் பொரிக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆகலாம். அதனால் ஒரு நாள் வாரினால் போதாது. முடியை நனைத்து, பேன் சீப்பால் சில நாளுக்கொரு முறை, இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து வார வேண்டும். வீட்டில் எல்லோரும், வகுப்பில் எல்லோரும் ஒரே காலத்தில் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும் தலையில் ஊற்றும் அன்னையரைக் கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து.

தலை குளி, குளி என்று சொல்கிறோமே, குளிக்கத் தண்ணீர் எங்கே? மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. காட்டுப்பள்ளியில் 2010-ல் திறந்த ஆலை கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் திறனுள்ளது. அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. இங்கே குப்பத்துப் பெண் குடத்தோடு வண்டிக்குக் காத்திருக்கிறாள். உவர்நீரில் சோப்பு நுரைக்காது; அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுக்காகித் தலையிலேயே படியும். சீயக்காய்க்கு இந்தக் குறை இல்லை. பாட்டிமார் வேதியியல் படிக்காமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். உவர்நீரில் அலசினாலும் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டால் பெரும் வித்தியாசம் தெரியும்.

தலைமைச் சகோதரி அவர்களுக்குப் பணிவான விண்ணப்பம். காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கும் பிள்ளைகள் ஈரத் தலையை இறுக்கிப் பின்னி வருகிறார்கள். தலைக்குக் குளித்த நாளிலாவது தளர்ந்த ஒற்றைப் பின்னலுக்கு அனுமதி வேண்டும். மாதம் ஒரு முறை எல்லோர் தலையையும், ஆசிரியர் பிள்ளைகள் தலையையும் சேர்த்து, பார்க்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்தாலும் முடி கொட்டும். 2019–21 தேசியக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. வாரந்தோறும் தரும் மாத்திரையை ஜன்னல் வழியே எறியும் தோழியரே, அதை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள், தேநீரோடு அன்று. பள்ளிக்கூட நல்ல தண்ணீர்க் குழாயில் சனிக்கிழமைதோறும் குப்பத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு குடம் பிடித்துக்கொள்ள அனுமதித்தால், சீயக்காய்த் தூளுக்கு எங்கள் வகுப்பு மாணவியர் பொறுப்பு.