நாலு விரல் முன்னால்

மாவட்ட ஆட்சியர் அய்யா அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது. நான்காவதை ஊரறிய எழுதுகிறேன்.

என் மகனுக்கு 11 வயது. கூரையில் சிக்கிய பந்தை எடுக்கப் பக்கத்து வீட்டு எரவாணத்தில் கைவிட்டான். பந்தோடு நாட்டுத் துப்பாக்கியும் வந்தது, வெடித்தது. மரவள்ளிக் கொல்லைக்கு வரும் பன்றிக்காக முந்தின இரவு கெட்டித்தது. பன்றி வரவில்லை. குதிரையடியில் கேப்பைக்கூடக் கழற்றாமல் செருகியிருக்கிறார்கள்.

துப்பாக்கிக்காரன் என் சித்தப்பா மகன்தான். சிறையில் இருக்கிறான். அத்தோடு விஷயம் முடிந்தது என்கிறார்கள் உங்கள் ஆட்கள்.

சட்டமெல்லாம் உங்களுக்குத் தெரியும். இது தெரியுமா? இந்தத் துப்பாக்கியில் மருந்தை ஒருமுறை இடித்துவிட்டால், வெடித்துத்தான் காலி செய்வார்கள். வெடித்தால் சத்தம் கேட்கும். சத்தம் கேட்டால் போலீஸ் வரும், இல்லை வனத்துறை வரும். அந்தப் பயத்தில்தான் கெட்டித்தபடியே எரவாணத்துக்குப் போகிறது. பன்றியை வனத்துறை சுட 2025-ல் அரசு கொடுத்த அனுமதியும் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டினால்தான். எங்கள் கொல்லைக்கும் காட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓடை.

பள்ளியில் சத்துணவு சமைக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். துப்பாக்கிக் குழாய்க்குள் கம்பியை விட்டு, பிறகு வெளியே வைத்து அளந்து பார்ப்பேன். அடிவரை இறங்கியிருந்தால் காலி. நாலு விரல் முன்னால் நின்றால் மருந்து இருக்கிறது. கேப்பைக் கழற்றுங்கள், ஒரு சொம்பு தண்ணீரைக் குழாயில் ஊற்றுங்கள் என்பேன். சிலர் ஊற்றுவார்கள். சிலர், "மருந்துக் காசை நீ தருவியாக்கா?" என்பார்கள்.

நான் கேட்டது பெரிதில்லை. மாதம் ஒரு நாள், விவரம் தெரிந்த ஒரு ஆள், பேர் கேட்காமல் காலி செய்து கொடுக்கட்டும். ஊருக்குப் பொதுவாகப் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று. "திருட்டுத் துப்பாக்கிக்கு அரசாங்கம் பூட்டு வாங்கித் தரணுமாம்மா?" என்றீர்கள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். யார் யாரிடம் இருக்கிறது, பட்டியல் கொடு என்றது போலீஸ். பிறகு துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஜீப்பில் மைக் வைத்துக் கூவினார்கள். மறுநாள் கோயில் பின்னால் 6 துப்பாக்கி கிடந்தது. ஆறும் துரு, இரண்டுக்குக் குதிரையே இல்லை. அவற்றை அடுக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டீர்கள். நல்ல துப்பாக்கியெல்லாம் எரவாணத்திலேயே இருக்கிறது.

2024 மார்ச் 16 அன்று தேர்தல் அறிவித்ததும், உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் வாங்கிப் பூட்டினீர்களே! ஓட்டுப் போடும் இடத்துக்கு ஆபத்து என்றால் பூட்டு உடனே கிடைக்கிறது. என் பிள்ளைக்கு ஓட்டு இல்லை, வாஸ்தவம்தான்.

பட்டியல் தர மாட்டேன். தந்தால் மறுநாள் எந்த வீட்டிலும் எனக்குக் கதவு திறக்காது. ஆள் அனுப்புங்கள். முடியாதென்றால், அடுத்த முறை என்னைப் போல ஒருத்தி வந்து நிற்கும்போது சிரிக்காமலாவது இருங்கள்.

போன வாரம் 17 வீட்டில் கம்பியை விட்டுப் பார்த்தேன். 5 வீட்டில் நாலு விரல் முன்னால் நின்றது.