வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். நீங்களே போகும்படி செய்வார்கள்!

மலேசியத் தமிழர்களே!

நம் பிள்ளை வங்கியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் குடும்பமே தலைநிமிர்கிறது. கோலாலம்பூரில் கண்ணாடிக் கட்டடம், குளிர்சாதன அறை, கழுத்தில் அடையாள அட்டை. தோட்டத்தில் தண்டலிடமும் கிராணியிடமும் ஏச்சு வாங்கிய தாத்தாவின் பேரன் இன்று பெரிய நிறுவனங்களுக்குக் கடன் வழங்கும் பிரிவில் அதிகாரி! பெருமைதான். ஆனால் ஞாயிறு மாலை வந்தாலே அவன் முகம் ஏன் கறுத்துப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்களா?

கேட்டாலும் சொல்ல மாட்டான். சொன்னால் நாம் என்ன பதில் தருகிறோம்? "பொறுத்துப் போப்பா, வீட்டுக் கடன் இருக்கு, நல்ல சம்பளம்." இந்தப் பொறுமையை நம்பித்தான் கொடுமைக்கார மேலாளர் பிழைப்பு நடத்துகிறார்!

நிறுவனக் கடன் பிரிவில் கொடுமை கையை ஓங்கிக்கொண்டு வருவதில்லை. காகிதத்தில் வருகிறது. நல்ல வாடிக்கையாளர்கள் மேலாளரின் செல்லப்பிள்ளைக்கு. செத்துப்போன கோப்புகள் உங்களுக்கு. இலக்கு மட்டும் இருவருக்கும் ஒன்றே! ஆண்டு முடிவில் தர வரிசை. குழுவில் யாராவது ஒருவர் கடைசியில் நின்றே ஆக வேண்டும் என்ற கணக்கில் உங்கள் பெயர் விழுகிறது. பிறகு "செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்" என்று ஒரு கடிதம். எட்ட முடியாத இலக்கு, மூன்று மாதக் கெடு. கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு. இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் மிரட்டல். கடைசியில் மனிதவளப் பிரிவு அன்போடு அழைக்கும்: "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் உங்கள் பெயர் கெடாது." நீங்களும் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுப்பீர்கள். கதை முடிந்தது!

இதில் இனம் எங்கே வருகிறது என்கிறீர்களா? இந்தியன் என்பதால் ஒதுக்கினோம் என்று எவரும் எழுதித் தர மாட்டார். "இந்த வாடிக்கையாளருக்கு நீங்கள் ஒத்துவர மாட்டீர்கள்", "நீங்கள் குழுவோடு ஒட்டவில்லை" என்பார்கள். குழுவில் நாம் ஒருவரோ இருவரோதான் இருக்கும்போது, சாட்சி சொல்ல யார் வருவார்? அதற்காக மேலாளர் வேற்றினத்தவராகத்தான் இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். மேலே ஏறிய நம்மவரே நம்மவரை மிதிப்பதும் உண்டு. அன்றைய தண்டலும் தமிழன்தானே!

இது ஏதோ ஊழியரின் மனக்குறை என்று வங்கித் தலைவர்கள் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பாருங்கள். இலக்கு, இலக்கு என்று ஊழியர்களை நெருக்கியதில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் இலட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் 18 கோடியே 50 இலட்சம் டாலர் அபராதம். அதற்குள் வேலை பறிபோனவர்கள் ஏறக்குறைய 5,300 பேர். 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. மிரட்டி வேலை வாங்கும் வங்கி கடைசியில் தன் வாடிக்கையாளரையே ஏமாற்றும். பாடம் இதுதான்.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன செய்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறது. ஆனால் விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிராகத்தான், தனியார் முதலாளிக்கு எதிராக அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2005-இல் கைவிரித்துவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் 69எஃப் என்ற புதிய பிரிவு உண்டு. வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தந்தது. வரவேற்போம். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுக்கவே இல்லை! வேலை தேடி நிற்பவனுக்கு அதில் இடமும் இல்லை. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கும் அதிகாரி நள்ளிரவு வரை உழைத்தாலும் ஓவர்டைம் கேட்கச் சட்டத்தில் வழியில்லை.

சங்கமாவது உண்டா? குமாஸ்தாவாக இருந்தால் தேசிய வங்கி ஊழியர் சங்கமான நுபே இருக்கிறது. நிர்வாக அதிகாரியாக உயர்ந்துவிட்டாலோ, 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி குமாஸ்தாக்களின் சங்கம் உங்களுக்காக அங்கீகாரம் கேட்கவோ பேரம் பேசவோ முடியாது. பதவி உயர்வோடு சேர்ந்து குடையும் பறிபோகிறது! அதிகாரிகளுக்கென்று தனியே சங்கம் அமைக்கத் தடையில்லை. நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றி விசாரித்தோம்?

ஆகவே, வங்கியில் இருக்கும் தம்பி தங்கைகளே, இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: எழுதி வையுங்கள். நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தவர். மின்னஞ்சலில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது.

இரண்டு: "சொந்தக் காரணம்" என்று பொய் எழுதாதீர்கள். ஒப்பந்தத்தின் அடிப்படையையே முதலாளி முறித்ததால் வெளியேறினால், அதுவும் வேலைநீக்கமே என்பது நம் நாட்டில் நிலைபெற்ற சட்டம். ஆனால் மேலாளர் கடுமையானவர் என்பது மட்டும் போதாது. எந்த ஒப்பந்த மீறலால் போகிறேன் என்று சொல்ல வேண்டும். காலம் தாழ்த்தாமல் போக வேண்டும். கோபத்தில் கடிதத்தை வீசாமல், முதலில் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

மூன்று: 60 நாள்! வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் 20-ஆவது பிரிவின் கீழ் மனுக் கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். வென்றால் மீண்டும் வேலை, அல்லது இழப்பீடு. அதோடு, நிரந்தர ஊழியருக்கு 24 மாதம் வரை பின்சம்பளம். 61-ஆவது நாள் வந்து அழுதால் கதவு திறக்காது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் சம்பளத்தை நினைவூட்டாதீர்கள். காது கொடுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகை அல்ல. பாகுபாட்டுக்குத் தெளிவான வரையறை, வேலை தேடுவோருக்கும் பாதுகாப்பு. இவ்வளவுதான். அதுவரை நம் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆயுதம் இரண்டு: கையில் பேனா, சுவரில் நாள்காட்டி.

பொறுத்தது போதும். எழுதத் தொடங்குங்கள்!