செவிலி இல்லாத வீடு

எம்மிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டில் ஒப்படைகளைப் பிந்தியே கொணர்ந்தான். காரணம் வினவினோம். வீட்டில் தனக்குத் தூதுவேலை என்றான். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் அவன் தாயும் பதினாறு வயதுத் தமக்கையும் பதினொரு நாளாகப் பேசிலர். மகளின் கைத்தொலைபேசியைத் தாய் பூட்டிவைத்ததே தொடக்கம். "சாப்பிட வரச் சொல்" என்பது ஒரு செய்தி. "பசிக்கவில்லை என்று சொல்" என்பது மறுசெய்தி.

அகப்பொருள் நூலார் தாயரை இருவராக வகுத்தனர்: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகளே தோழி என்கின்றது தொல்காப்பியம். மகள் தன் மனத்துள்ளதைத் தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பர். தந்தைக்கும் தமையன்மார்க்கும் அது எட்டுவது ஈற்றிலேயே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலிக்குக் கூறும் கூற்றே. (மாணாக்கர் அதிலுள்ள மலர்ப்பெயர்களை மனனஞ் செய்து, யார் யார்க்குக் கூறியதென்பதை மறந்துவிடுவர்!) ஈன்றவளும் மகளும் நேர்நின்றாற் சொல் தடிக்குமென்பதை முன்னோர் அறிந்திருந்தனர் என்றே யாம் கொள்கின்றோம்.

செவிலி செல்வர் மனைக்கே உரியள் எனலாம். ஏனையோர் மனைகளில் அம்மம்மாவும், சின்னம்மாவும், கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலே அடுத்த வீட்டு அக்காவும் அப்பணியைச் செய்தனர். 1983 ஆடிக் கலவரத்தின் பின் அவருட் பலர் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போயினர். எஞ்சியது இரண்டு அறையும் ஒரு கதவும்.

தாயைக் குறைகூற யாம் ஒருப்படோம். இன்று பதின்பருவ மகளிரைப் பெற்றிருக்கும் தாயருட் பலர், 1995 ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்விலே தாமே சிறுமியராய் நடந்தவர்கள். மகள் கதவை அடைத்தால் அவர்க்குச் சினத்தினும் அச்சமே முந்தும். அச்சத்தைச் சொல்ல ஆளில்லாதபோது அது வசையாகின்றது.

எமது முறைப்பாடு பழைய மாணவராகிய உங்கள்மீதே. கடல் கடந்திருந்து தொலைபேசித் திரையில் தோன்றி, ஐந்து நிமிடத்தில் மகளுக்குத் தீர்ப்புக் கூறுகின்றீர்கள். ஈற்றில் அறியவேண்டியவர் முதலில் நீதிபதியாவது முறையன்று. தீர்ப்பை நிறுத்தி, உங்கள் தமக்கையையோ தங்கையையோ ஒரு மாதம் அவ்வீட்டில் தங்கவிடுங்கள்.

அம்மாணவன் வீட்டுக்கு ஆடிவேல் காண யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்தார்; இருபது நாள் தங்கினார். பேத்தியும் அவரும் மாலைதோறும் கடற்கரைக்குப் போயினர். அங்கே என்ன பேசினர் என்பதை அவன் அறியான். அடுத்த ஒப்படை உரிய நாளில் எம் மேசைக்கு வந்தது.