தோத்த பக்கத்தைக் கிழிக்காதீங்க

எங்க பண்ணைக்குட்டையில ஒரு ரிமோட் படகு சீறிட்டு ஓடற வீடியோவை நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "மஞ்சள் நடவு நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பொம்மை?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், அதனால இங்கேயே எழுதிடறேன்.

படகு என் தங்கச்சி மகனோடது. கோயம்புத்தூர்ல ஒம்பதாவது முடிச்சிட்டு மே மாச லீவுக்கு வந்தான். நல்லாப் படிக்கற பையன். ஆனா ஒரு கணக்கு தப்பாப் போச்சுன்னா, அழிச்ச சுவடே தெரியாத அளவுக்கு ரப்பர் வெச்சுத் தேய்க்கற ஆளு. தப்பு வந்த தாளை யார் கண்ணுலயும் காட்ட மாட்டான். வந்த ரெண்டாம் நாள் போன்ல ஒரு ரிமோட் படகைக் காட்டி, "மாமா, இதை வாங்கித் தர்றீங்களா?"ன்னான். "வாங்க வேண்டாம் சாமி, செய்யலாம்"னு சொன்னேன். சொன்னப்ப அது இவ்வளவு இழுக்கும்னு எனக்கும் தெரியாது.

கட்டுமரம் மாதிரி ரெட்டை உடம்பு வெச்ச படகு வேணும்னான். இங்க ஒரு விஷயம் சொல்லணும். 'கேட்டமரான்'ங்கற இங்கிலீஷ் வார்த்தை நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுதான். சோழமண்டலக் கடற்கரைக்கு வந்த வில்லியம் டாம்பியர் 1697ல வெளிவந்த தன்னோட பயண நூல்ல அதை எழுதியிருக்கார். ஆனா நம்ம கட்டுமரம் லேசான மரங்களைச் சேர்த்துக் கயித்தால கட்டற தெப்பம். நடுவுல இடைவெளி விட்டு ரெண்டு உடம்பு வெக்கற வடிவம் பசிபிக் தீவுக்காரங்களோடது. பேரு நம்மது, வடிவம் அவங்களது. வாட்ஸ்அப்ல இந்தப் பேரை வெச்சு மார்தட்டற நம்மள்ல எத்தனை பேர் ஒரு மரத்தையாவது கட்டிப் பாத்திருக்கோம்?

உடம்புக்கு 3 மில்லிமீட்டர் பிளைவுட். எங்க வேலியோரம் நிக்கற மலைவேம்பும் வெட்டினா பிளைவுட்டுக்குத்தான் போகும், அதனால அந்நியப் பொருளாத் தெரியலை. நீளம் ரெண்டு அடி, அதாவது 60 சென்டிமீட்டர். மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பேட்டரி, ரிமோட், சுக்கான் திருப்பற சர்வோ எல்லாம் கடையில வாங்கினதுதான். மொத்தம் ஏறக்குறைய ஒம்பதாயிரம் ஆச்சு. அதனால 'செலவே இல்லாம செஞ்சோம்'னு கதை விட மாட்டேன். நாங்க செஞ்சது உடம்பும் பொருத்தமும்தான். ஆனா படகு ஓடறதும் கவுர்றதும் அந்தப் பொருத்தத்துலதான் இருக்கு.

முதல் படகை சாதாரண வெள்ளைப் பசை போட்டு ஒட்டினோம். அரை மணி நேரம் தண்ணியில கிடந்ததும் வாய் பொளந்துடுச்சு. பையன் முகம் செத்துப்போச்சு. "தூக்கிப் போட்டுடலாம் மாமா"ன்னான். நான் ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்து, முதல் பக்கத்துல அவன் கையாலேயே எழுத வெச்சேன்: 'ஓட்டம் 1. வெள்ளைப் பசை தண்ணிக்கு ஆகாது.' அடுத்ததுக்கு ரெண்டு டியூப் கலக்கற எபாக்ஸி. உள்ளே தெர்மகோல் துண்டுகளையும் அடைச்சோம். கவுந்தாலும் முழுகாது பாருங்க.

ரெண்டாவது படகு ஓடுச்சு. வேகம் ஏத்தினதும் மூக்கைத் தூக்கி அப்படியே மல்லாந்துச்சு. ரெண்டு உடம்புக்கும் நடுவுல புகுற காத்துதான் இந்த வடிவத்துக்குப் பலம், அதுதான் படகைத் தண்ணியில இருந்து லேசாத் தூக்கிக் குடுக்குது. எடை பின்னாடி அதிகமாயிட்டா அதே காத்து கவுத்தும் விடும். படகை ரெண்டு விரல்ல தாங்கிப் பாத்தோம். பின்முனையில இருந்து 14 சென்டிமீட்டர்ல நின்னுச்சு. பேட்டரியை முன்னாடி நகர்த்தி 22க்குக் கொண்டுபோனோம். இப்ப கவுரலை, ஆனா எருமை மாதிரி தண்ணிக்குள்ளேயே மூக்கை வெச்சுக்கிட்டு நகர்ந்துச்சு. 20, 19னு குறைச்சு கடைசியா 18ல நின்னோம். நீளத்துல பின்னாடி இருந்து சுமார் 30 சதவீதம். இந்த வடிவத்துக்குப் பழகினவங்க சொல்ற கணக்கும் இதேதான். ஆனா படிச்சிட்டு 18ல வெக்கறதுக்கும், ரெண்டு பக்கமும் தோத்துட்டு 18க்கு வர்றதுக்கும் வித்தியாசம் இருக்குங்க.

அப்புறம் தவளை மாதிரி குதிக்க ஆரம்பிச்சுது. இது எனக்குப் புரிஞ்ச விஷயம். டிராக்டர்ல டாப் லிங்க்கைச் சுருக்கினா கலப்பை மூக்கு குத்தி ஆழமா இறங்கும், நீட்டினா மேலே வரும். படகுல காத்தாடி மாட்டின தண்டும் அப்படித்தான். பின்முனை கீழ சாய்ஞ்சிருந்தா வாலைத் தூக்கி மூக்கை அமுக்கும், மேல சாய்ஞ்சா மூக்கு எழும்பும். ஒரே ஒரு வாசர் வெச்சோம், குதி நின்னுச்சு. உயரமும் அதே மாதிரி. தண்டை மேல ஏத்த ஏத்த தண்ணியோட இழுவை குறையும். ரொம்ப ஏத்தினா ஃபுட் வால்வு தண்ணிக்கு மேல வந்த பம்பு மாதிரி காத்து வாங்கி வெறுமனே சுத்தும்.

ஒரு நேரத்துல ஒன்னைத்தான் மாத்தணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். பேட்டரியையும் தண்டையும் சேர்த்து மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு தெரியாது. உரம், மருந்து, தண்ணி மூணையும் ஒரே வாரத்துல மாத்திட்டு 'இந்த மருந்துதான் கேட்டுச்சு'ன்னு நானே பல தடவை ஏமாந்திருக்கேன்.

பையன் தனியாக் கண்டுபிடிச்சதும் ஒன்னு உண்டு. அடிப்பாகத்தோட பின் ஓரங்களை உப்புத்தாள் போட்டு வழவழன்னு உருட்டி வெச்சிருந்தோம். கண்ணுக்கு அழகு. ஒருநாள் அவன் கரண்டி முதுகைக் குழாய்த் தண்ணியில காட்டி, "பாருங்க மாமா, உருண்டையா இருந்தா தண்ணி ஒட்டிக்கிட்டே வருது"ன்னான். ஓரத்தை எபாக்ஸி போட்டு நிரப்பி, அரத்தால ராவி கத்தி மாதிரி கூராக்கினோம். தண்ணி ஒட்டாம வெட்டிக்கிட்டு விலகுச்சு. ரெண்டு கம்பு நட்டு 20 மீட்டர் அளந்து வெச்சிருந்தோம். முன்னாடி 3 செகண்ட் ஆன தூரம், மத்த ஓட்டங்கள்ல செஞ்ச மாத்தமும் சேர்ந்து கடைசியில 2 செகண்டுக்கு வந்துச்சு. மணிக்கு 24 கிலோமீட்டர் போனது 36.

இதுல ஒரு நாள் என் உயிரே போயிட்டு வந்துச்சு. குட்டைப் பாசி குளிர்விக்கற குழாயை அடைச்சு, கட்டுப்பாட்டுப் பெட்டி சூடாகி, படகு நடுக்குட்டையில நின்னுடுச்சு. நான் திரும்பறதுக்குள்ள பையன் சட்டையைக் கழட்டிட்டு கரையில கால் வெச்சிட்டான். எட்டி முடியைப் பிடிச்சு இழுத்தேன். பண்ணைக்குட்டையில விரிச்சிருக்கற பிளாஸ்டிக் ஷீட் பாசி பிடிச்சா எண்ணெய் தடவின மாதிரி. இறங்கினவன் நீச்சல் தெரிஞ்சாலும் ஏற முடியாது. அன்னிக்கு சாயங்காலம் படகைத் தொடலை. நீளமான நைலான் கயித்துல பந்து கட்டி, படகைத் தாண்டி எறிஞ்சு இழுக்கப் பழகினோம். கரையில லாரி டியூப் ஒன்னும், முடிச்சுப் போட்ட கயிறும் எப்பவும் கிடக்கணும்னு சட்டம் போட்டோம். காத்தாடியும் பொம்மை இல்லைங்க. வோல்ட்டுக்கு 2000 சுத்து மோட்டார், 11.1 வோல்ட் பேட்டரின்னா சுமை இல்லாம நிமிஷத்துக்கு 22,200 சுத்து. அதனால பேட்டரி மாட்டினப்புறம் பின்பக்கம் கை போகக்கூடாது. உப்பின லித்தியம் பேட்டரியை சார்ஜ் போடவும் கூடாது.

லீவு முடியறப்ப நோட்டுல 26 ஓட்டம். அதுல உருப்படியானது அஞ்சோ ஆறோதான். படகையும் நோட்டையும் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனான். அங்க ஒரு ஆசிரியர் நோட்டைப் புரட்டிட்டு, "படகு நல்லாருக்கு. ஆனா இந்தத் தோத்த பக்கமெல்லாம் எதுக்கு? கிழிச்சிட்டு, கடைசியா வந்த அளவை மட்டும் சார்ட்ல சுத்தமா எழுதிட்டு வா"ன்னாராம்.

எனக்கு அந்த ஆசிரியர் மேல கோபம் இல்லை. நாம எல்லாரும் பிள்ளைங்ககிட்ட அதைத்தான் கேட்கறோம், சுத்தமான தாள். ஆனா சரியான அளவு மட்டும் இருக்கற சார்ட்டை எவனும் பாத்து எழுதிடலாம். மூக்கு தூக்கினா எங்க கை வெக்கணும், குதிச்சா எதைத் திருப்பணும்ங்கறது அந்தத் தோத்த இருபது பக்கத்துலதான் இருக்கு. எங்க ஊர்ல நல்ல பம்பு மெக்கானிக்குன்னு பேர் எடுத்தவங்க எல்லாம் தன்னோட பழைய தப்பை மறக்காதவங்கதான்.

சனிக்கிழமை ராத்திரி பையன் போன் பண்ணினான். "மாமா, நான் கிழிக்கலை. பிரைஸ் வரலை"ன்னான். குரல்ல வருத்தம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அடுத்த மூச்சுல, "இன்னும் கொஞ்சம் பெரிய காத்தாடி போட்டா மோட்டார் தாங்குமா மாமா?"ன்னான். "தெரியலை கண்ணு. வா, போட்டுப் பாக்கலாம். 27னு எழுதிக்க"ன்னேன்.

எதுக்கு இந்தப் பொம்மைன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான். அடுத்த லீவுக்கு உங்க பிள்ளைங்களுக்கு எதை வாங்கிக் குடுத்தாலும் கூடவே ஒரு நோட்டும் குடுங்க. ரப்பர் குடுக்காதீங்க. எங்க குட்டைக்குக் கூட்டிட்டு வந்தாலும் சந்தோஷம்தான். ஆனா கயிறும் டியூபும் கரைக்கு வந்தப்புறம்தான் படகு தண்ணிக்குப் போகும்.