அடுக்களையிற் சமாதானம்

சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரி ஆலயத்திலே சமாதானத்தைப் பற்றி நல்லதொரு பிரசங்கம் கேட்டோம். நெஞ்சம் நெகிழ்ந்தவர்களாய் விடுதிக்குத் திரும்பி உணவுக்கூடத்தில் அமர்ந்தோம். வந்த காப்பி ஆறியிருந்தது. அதனைக் கொணர்ந்த முதியவரை, விடுதியில் யாவரும் அண்ணாச்சி என்றழைக்கும் அவரை, பக்கத்துப் பந்தியார் திரும்பிப் பார்க்குமளவிற்குக் கடிந்து பேசிவிட்டோம். ஆலயத்திற்கும் உணவுக்கூடத்திற்கும் இடையே இருநூறடித் தூரமும் இராது. அதற்குள் எம் சமாதானம் எங்கே போயிற்று?

இவ்வினா எம்மைப் பன்னாள் வருத்திற்று. வருந்தியபின் எமக்குத் தோன்றியதை இம்மலரைப் படிக்கும் அன்பர்கள்முன் வைக்கத் துணிகிறோம். நம்மில் அநேகர் சமாதானத்தை ஆலயத்திற்குரிய பொருளாகவும், வாழ்வின் நோக்கத்தைப் பட்டம் பெற்றபின் கைகூட வேண்டிய பொருளாகவும் எண்ணி வருகிறோம். ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்றொன்றை வருங்காலத்திற்கும் ஒதுக்கிவிட்டு, இடைப்பட்ட நாட்களை எப்படியோ தள்ளுகிறோம். கணக்குப் பயிற்சியும், ஆய்வுக்கூடக் குறிப்பேடும், ஊரிலிருந்து தாயார் கைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பதும் நமக்கு இடையூறுகளாகவே தோன்றுகின்றன. இவ்வெண்ணம் கிறிஸ்தவ விசுவாசத்திற்கு ஒவ்வாது என்பதே எம் துணிபு.

இதற்கு மாறாக வாழ்ந்து காட்டிய ஒருவரை இங்கு நினைவுகூர்வோம். இந்நாளில் பிரான்சு தேசத்தைச் சேர்ந்துள்ள லொரேன் நாட்டில், ஏறக்குறைய 1614-ஆம் ஆண்டில், எளிய குடும்பத்திலே பிறந்தவர் நிக்கொலா ஹெர்மான். ஐரோப்பாவை அலைக்கழித்த முப்பதாண்டுப் போரிலே போர்வீரராய்ச் சென்று காயமுற்று, வாழ்நாள் முழுதும் கால் ஊனத்தோடிருந்தார். பின்னர் ஒரு செல்வரிடம் ஏவலாளாய் அமர்ந்தார். எதனைத் தொட்டாலும் உடைத்துவிடுபவர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டார். 1640-இல் பாரிசு நகரத்துக் கார்மேல் மடமொன்றிற் சேர்ந்து, லாரன்சு சகோதரர் என்னும் பெயர் பெற்றார். குருவாவதற்குரிய கல்வி அவரிடத்து இல்லை. ஆகவே மடத்தின் அடுக்களை அவர் பங்காயிற்று. ஏறத்தாழப் 15 ஆண்டுகள் சமைத்தார். அதன்பின் மடத்தாருக்குச் செருப்புத் தைத்தார். 1691-இல் இறந்தார். அவருடன் உரையாடியிருந்த போபோர் என்னும் குருவானவர் அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்க மடத்திற் பிறந்த அச்சிறு நூலைப் புரொட்டஸ்டாண்டு சபையாரும் போற்றிப் படித்தனர். ஜான் வெஸ்லி தாம் வெளியிட்ட கிறிஸ்தவ நூல்வரிசையில் அதன் சுருக்கத்தைச் சேர்த்துக்கொண்டார்.

அந்நூலில் எம்மைப் பெரிதும் கவர்ந்தது யாதெனின், அவருக்கு அடுக்களை வேலை இயல்பிலேயே பிடிக்காது என்னும் செய்தியாம். விரும்பிய தொழில் வாய்த்தவர் மனநிறைவோடிருந்தார் என்றால் அதில் வியப்பென்ன? இவரோ வெறுத்த வேலையிலே இருத்தப்பட்டவர். மடத்திற்குத் திராட்சரசம் வாங்கி வரும்படி ஒருமுறை பர்கண்டி நாட்டிற்கு அனுப்பப்பட்டபோது, படகில் நடக்கமாட்டாமல் பீப்பாய்களின்மேல் உருண்டே சென்றாராம். ஆயினும் அவ்வேலையும் ஒருவாறு நிறைவேறிற்று. அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலை தொடங்குமுன் ஆண்டவரோடு இரண்டொரு வார்த்தை பேசுவார். வேலைக்கிடையிலும் அப்பேச்சை விடமாட்டார். நன்றாய் முடிந்தால் நன்றி சொல்லுவார். தவறிவிட்டால் தவறினேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டுவார். பின் அதனையே எண்ணி மாய்ந்துகொண்டிராமல் அடுத்த வேலையைத் தொடங்குவார். ஜெபவேளை வேறு, பானை கழுவும் வேளை வேறு என்னும் பிரிவு நாளடைவில் அவருக்கு இல்லாமற்போயிற்று.

இஃது ஒரே நாளிற் கைவந்ததன்று. முதற் பத்தாண்டுகள் தாம் மிகுந்த மனவேதனையுற்றதாக அவரே கடிதமொன்றில் ஒப்புக்கொள்கிறார். பத்தாண்டுகள்! மூன்றாண்டிற் பட்டமும், ஒரு பிரசங்கத்தில் சமாதானமும் எதிர்பார்க்கும் நம்மவர் இவ்விடத்திற் சற்றே நிதானிக்கவேண்டும்.

பெத்தானியாவில் அடுக்களை வேலையிலிருந்த மார்த்தாளை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லையா என்று ஒரு நண்பர் எம்மை வினவினார். நல்ல கேள்வியே. ஆனால் லூக்கா சுவிசேஷத்தை ஊன்றிப் பார்த்தால், அவர் குறித்தது அவள் கவலையையும் கலக்கத்தையுமே என்பது புலனாகும். பின்னர் அதே ஊரில் நடந்த விருந்திலும் மார்த்தாள் பணிவிடை செய்ததாக யோவான் எழுதுகிறார். அங்கே கண்டனம் ஒன்றுமில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர்தாமும் திபேரியாக் கடற்கரையிலே, இராமுழுதும் வலை வீசிக் களைத்த சீஷர்களுக்காகக் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தாரல்லவா? மரணத்தை வென்றவர் காலையுணவைப் பற்றி எண்ணியிருந்தார் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு உள்ளம் உருகுகிறது.

நிற்க. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. லாரன்சு சகோதரரின் படிப்பினையை ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். உண்பவன் சமைப்பவனுக்கும், கூலி கொடுப்பவன் கூலி வாங்குபவனுக்கும் இதனை உபதேசமாகச் சொல்லத் தொடங்கினால், அது சமாதானமாகாது. பிறர் வாயை அடைக்கும் தந்திரமாகிவிடும். குறைந்த கூலிக்கும் நெடுநேர வேலைக்கும் பக்தியை மருந்தாகக் கொடுப்போர் நம் சபைகளிலும் இருந்திருக்கின்றனர். அத்தகையோருக்கு இவர் சாட்சியாகமாட்டார்.

அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்க எமக்கு மூன்று நாள் சென்றது. புதன்கிழமை இரவு, பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று கேட்டோம். அவர் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. பேச்சினிடையே, ஞாயிறு ஆராதனைக்கு அவர் வந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டோம். அவரும் நம் சபையாரே. "நீங்க கோயிலை விட்டு வாற நேரத்துக்கு இங்க பந்தி போடணும்லா, தம்பி" என்றார். சமாதானத்தைப் பற்றிய பிரசங்கத்தை யாம் கேட்டுக்கொண்டிருந்த அவ்வேளையில், எமக்காகக் காப்பியை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தவர் அவர். பிரசங்கம் நீண்டது, காப்பி ஆறிற்று.

ஆகவே எம் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு ஞாயிறாயினும் விடுதி மாணவர் பதின்மர் முறைவைத்து அடுக்களையை ஏற்றுக்கொள்ளவேண்டும்; அன்று அங்கு வேலை செய்வோருள் விரும்புவோர் ஆலயத்திற்குச் செல்லட்டும், மற்றையோர் இளைப்பாறட்டும்; அந்நாட்கூலி குறையலாகாது. விடுதிக் காப்பாளர் இசைந்துவிட்டார். ஒன்பது பெயர்கள் சேர்ந்துள்ளன; பத்தாமவரைத் தேடுகிறோம். அண்ணாச்சிக்கு மட்டும் இன்னும் முழு நம்பிக்கை பிறக்கவில்லை. நூற்றைம்பது பேருக்குரிய உப்புமாவிற்கு உப்பு எவ்வளவு என்று எம்மைக் கேட்டார். விழித்தோம். வரும் சனிக்கிழமை மாலை வந்தாற் சொல்லித் தருவதாகக் கூறியிருக்கிறார்.